தேக பலமும் டப்பா வியாபாரமும்

(ஓர் உடற்பயிற்சிக் கழகத்தின் ஆண்டு விழாவில் பேசியது)



இந்த ஆண்டு விழாவுக்கு நம்மை அழைத்து, நம் கையால் பரிசு வழங்கச் செய்து, அதன்பின் சில வார்த்தைகள் பேசும்படியும் கேட்டுக் கொண்ட கழகத் தோழர்களுக்கு நன்றி செலுத்துகின்றோம். நாம் ஒன்றும் பயில்வானல்ல. கர்லாக்கட்டையைக் கையில் எடுத்துப் பல வருஷங்களாகின்றன. ஆதலால் தேகப் பயிற்சியை உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் யோக்கியதை நமக்கு இல்லை. ஆனால் சற்று முன் நடந்த ஒரு காரியம் நமக்குப் பேசுவதற்கு விஷயம் கொடுத்துவிட்டது. முதல் பரிசாகக் கேடயமும், இரண்டாம் பரிசாக வேட்டி துண்டும் கொடுத்தோம். மூன்றாம் பரிசு என்று நம் கையில் ஒரு பெரிய டப்பாவைத் தந்தார்கள். அதன்மேல் ஆண்டவனே பொறாமைப்படும்படியான புஜமுள்ள ஒரு மனிதனின் படம். உள்ளே என்னவென்று கேட்டோம். "சதை வளர்க்கும் தூள்" என்றார்கள். பரிசு பெற்ற தம்பியோ, கேடயம் வாங்கியவரைவிட அதிக சந்தோஷத்தோடு அதை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த டப்பாவை இனாமாக அளித்த கடைக்காரத் தோழரும் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கின்றார். அவர் நம்மீது கோபித்துக் கொள்ளக் கூடாது. அவரை ஏமாற்றுக்காரர் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்த டப்பாவைப்பற்றி நமக்குத் தெரிந்ததைச் சொல்லப் போகின்றோம். அதில் குற்றமிருந்தால் அவரே எழுந்து கேட்கலாம். நீங்களும் நாம் சொல்லிவிட்டோம் என்பதற்காக எதையும் ஒப்புக் கொள்ள வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

தூள் என்பது என்ன?

முதலில் அந்தத் தூள் ஏதோ தெய்வீக வஸ்து என்ற மயக்கத்தை ஒழிக்க வேண்டும். பால் திரிந்தால் கட்டி ஒருபுறமும் தெளிந்த நீர் ஒருபுறமுமாகப் பிரிவதை நம் வீட்டுத் தாய்மார்கள் எல்லோரும் பார்த்திருக்கின்றார்கள். மேல்நாடுகளில் சீஸ் என்னும் பாலாடைக்கட்டி செய்கிறவர்கள் கட்டியை எடுத்துக்கொண்டு, மிச்சமுள்ள தெளிநீரைப் பன்றிக்கு ஊற்றினார்கள், ஆற்றிலும் விட்டார்கள். பாலிலுள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கட்டியோடு போய்விடும். ஒரு பங்கு அந்தத் தெளிநீரில் நிற்கும். அந்த ஒரு பங்கை வடித்து உலர்த்தி, சாக்லேட் வாசனை சேர்த்து அடைத்ததுதான் 'வே புரோட்டீன்' என்கின்ற இந்தத் தூள். ஆகவே இது பாலின் ஒரு பாகம், உணவுதான். விஷமும் அல்ல, அமிர்தமும் அல்ல.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு கனவானின் வீட்டில் முட்டை நுழைந்தால் தோஷம். அடுத்த வீட்டில் கருவாடு வறுத்தால் இவர் வீட்டு ஜன்னலைச் சாத்துவார்கள். அவருடைய மகன் பலத்துக்காகத் தினமும் ஏழெட்டு மாத்திரைக் கூடுகளை விழுங்குகின்றார். அந்தக் கூடு பெரும்பாலும் மாட்டுத் தோலையோ எலும்பையோ, பன்றித் தோலையோ காய்ச்சி எடுத்த ஜெலட்டினால் ஆனது. டப்பாவில் வந்தால் தோஷமில்லை போலும்!

பழைய கதை

டப்பாவில் பலம் விற்பது இன்று நேற்று ஏற்பட்ட வியாபாரமல்ல. ஜெர்மன் தேசத்தில் லீபிக் என்ற பெரிய ரசாயன சாஸ்திரி இருந்தார். சதை வேலை செய்யும்போது சதையிலுள்ள புரதமே எரிந்து பலமாகின்றது என்று 1842ல் எழுதினார். அவர் பெரியவர் என்பதால் பலரும் அதை வேதமாக ஒப்புக் கொண்டார்கள். 1865ல் அவர் பெயரால் ஒரு கம்பெனி ஏற்பட்டு, தென் அமெரிக்காவில் உருகுவே தேசத்து மாடுகளைக் காய்ச்சிய இறைச்சிச் சாறு உலகமெங்கும் விலையாயிற்று. பின்னால் பரீட்சித்தபோது அந்தச் சாற்றில் ருசி இருந்ததே தவிர புரதம் சொற்பமாகத்தான் இருந்தது.

அதே 1865ம் வருஷத்தில் சுவிட்சர்லாந்திலிருந்த பிக், விஸ்லிசேனஸ் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள், "பெரியவர் சொன்னது இருக்கட்டும், பரீட்சை செய்து பார்ப்போம்" என்று கிளம்பினார்கள். முதல் நாள் மத்தியானத்திலிருந்தே புரதத்தை அறவே விட்டு, மாவைக் கொழுப்பில் பொரித்த பணியாரமும் சர்க்கரை போட்ட தேநீரும் உட்கொண்டார்கள். அதோடு பவுல்ஹார்ன் என்ற மலையில் 1,956 மீட்டர் ஏறினார்கள். சிறுநீரை எல்லாம் சேமித்து, அதிலிருந்து தங்கள் உடம்பில் எவ்வளவு புரதம் செலவாயிற்று என்று கணக்கிட்டார்கள். அவ்வளவு புரதம் எரிந்து கொடுக்கக்கூடிய சக்தியைக் கொண்டு அந்த மலையை ஏறியிருக்கவே முடியாது என்று ஏற்பட்டது. பெரியவரின் வேதம் இரண்டு பேருடைய சிறுநீர்க் கணக்கில் கவிழ்ந்து போயிற்று.

இதனால் புரதம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. வீடு கட்டுவதற்குச் செங்கல் வேண்டும்; அடுப்பெரிக்க விறகு வேண்டும். புரதம் செங்கல், சோறும் எண்ணெயும் விறகு. செங்கலைக் கொண்டுவந்து குவித்துவிட்டால் வீடு தானாக எழும்பிவிடுமா? கொத்தன் வேலை செய்ய வேண்டாமா? பாரம் தூக்கி இழுத்துச் சதைக்கு வேலை கொடுத்தால்தான், "இன்னும் தடிமன் வேண்டும்" என்ற உத்தரவு சதைக்குள் பிறக்கின்றது. பிறகு தூக்கமும் ஓய்வும் கிடைத்தால், உண்ட புரதத்தைக் கொண்டு அது தன்னைக் கட்டிக் கொள்கின்றது. வேலையில்லாமல் தூளை மாத்திரம் குடித்தவருக்கு மிஞ்சுவது தொப்பைதான்.

நீங்கள் கையில்லாத பனியனைச் 'சாண்டோ பனியன்' என்கின்றீர்களே, அந்தச் சாண்டோ ஒரு நிஜ மனிதர். 1867ல் பிறந்து 1925ல் இறந்த ஐரோப்பியப் பயில்வான். 1904, 1905 வாக்கில் இந்தியாவுக்கும் வந்து வித்தை காட்டினார். அவர் உடம்பு பளுத்தூக்கி உண்டானது. ஆனால் பேர் வந்த பிறகு தன் பெயரால் ஒரு கோக்கோத் தூள் விற்றார். தூள் குடித்துச் சாண்டோ ஆனவர் ஒருவருமில்லை. சாண்டோ ஆன பிறகுதான் தூள் வந்தது. இன்று செல்போனில் சட்டையைக் கழற்றிக் காட்டி டப்பாவைத் தூக்கிப் பிடிக்கின்றவர்களுடைய சங்கதியும் அதுவேதான். அந்த உடம்பு எதனால் வந்தது என்பதை அவர் சொல்வதில்லை. எதை விற்றால் பணம் வரும் என்பதையே சொல்லுகின்றார்.

எவ்வளவு வேண்டும்?

சரி, ஒரு மனிதனுக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் கொடுத்த கணக்குப்படி, சாதாரண மனிதனுக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம். பாரம் தூக்கிச் சதை வளர்க்கின்றவர்களைப்பற்றி 49 பரீட்சைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2018ல் வந்தது. கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரையில் பலன் உண்டு, அதற்குமேல் சாப்பிட்டும் சராசரியில் அதிகப் பலன் காணோம் என்று அதில் கண்டார்கள். அப்படியானால் 60 கிலோ வாலிபருக்கு 96 கிராம். இதற்கு டப்பா வேண்டுமா என்று பார்ப்போம்.

மூன்று முட்டையில் 18 கிராம். அரை லிட்டர் பாலில் 16. நூறு கிராம் பருப்பு அல்லது பயறில் 23. ஐம்பது கிராம் நிலக்கடலையில் 12. முந்நூறு கிராம் அரிசிச் சோற்றில் 20. ஆக உத்தேசம் 90 ஆயிற்று. ஒரு துண்டு மீனோ கோழியோ சேர்ந்தால் நூறைத் தாண்டிவிடும். டப்பாக் கரண்டி ஒன்றில் இருப்பது சுமார் 24 கிராம். அதாவது நாலு முட்டை. அந்தக் கரண்டியின் விலையையும் நாலு முட்டையின் விலையையும் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள். டப்பாவுக்காகக் கடன் வாங்குகின்ற வாலிபர்களை நாம் பார்த்திருக்கின்றோம். தாயார் களை பறித்துக் கொண்டுவந்த கூலியில் மகன் டப்பா வாங்குவதைவிட, அதே பணத்தில் வீட்டிலுள்ள எல்லோரும் முட்டை தின்றால், மகனுக்கும் சதை வளரும், தாயாருக்கும் ரத்தம் ஊறும்.

மூட்டை தூக்கும் தொழிலாளியைப் பார், அவன் டப்பாவா குடித்தான் என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பேச்சும் பாதிதான் சரி. உழைப்பு அவருக்கு உரம் கொடுத்தது உண்மை. ஆனால் அவருக்குக் கிடைக்கின்ற உணவு போதும் என்று யாராவது சொன்னால், அது வயிறு நிறைந்தவன் பேச்சு. அவருக்கு வேண்டியது டப்பாவும் அல்ல, புகழ்ச்சியும் அல்ல. பருப்பும் முட்டையும் மீனும்.

சாப்பிட நேரமில்லாதவரோ, பசியில்லாதவரோ நல்ல தூளை ஒரு கரண்டி குடித்தால் கெட்டுப் போவாரா? ஆரோக்கியமானவர் கெட்டுப் போக மாட்டார். பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு வயிறு உப்பும், பேதியாகும். சிலருக்கு முகப்பரு வரும். ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தை ஏற்றக் கூடாது. நம்மிலே சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் உள்ள அனேகருக்குத் தங்கள் சிறுநீரகத்தின் நிலையே தெரியாது என்பதால் இதை அழுத்திச் சொல்லுகின்றோம். வீண் பயமும் வேண்டாம், வீண் தைரியமும் வேண்டாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதத்தில் வெளியிட்ட உணவு விதிகளில், சதை வளர்ப்பதற்காகப் புரதத் தூள்களை நாடாதீர்கள் என்றே சொல்லியிருக்கின்றது.

'கிரியேட்டின்' என்று மற்றொன்று உண்டு. 1832ல் செவ்ரூல் என்ற பிரஞ்சுக்காரர் இறைச்சியிலிருந்து கண்டெடுத்தது. இதைப்பற்றி ஏராளமான பரீட்சைகள் நடந்திருக்கின்றன. பாரம் தூக்குகின்றவர்களுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் கொஞ்சம் உதவி செய்கின்றது என்பது உண்மை. உண்மையை மறைப்பது நம் வேலையல்ல. ஆனால் முதல் வாரத்தில் ஏறுகின்ற ஒன்றிரண்டு கிலோ பெரும்பாலும் சதைக்குள் தேங்கிய தண்ணீரே தவிர சதையல்ல. இதைச் சாப்பிடுவோர் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் 'கிரியேட்டினின்' அளவு சற்று ஏறியிருப்பதைப் பார்த்துச் சிறுநீரகம் கெட்டதோ என்று அவர் நினைக்கக் கூடும்.

சீட்டில் எழுதாதது

டப்பாவின்மேல் எழுதியிருப்பது உள்ளே இருக்கின்றதா? இதுதான் பெரிய சங்கதி. கேரளத்து டாக்டர்கள் சிலர் நம் நாட்டில் விற்கின்ற 36 புரதத் தூள்களை வாங்கிப் பரிசோதித்து 2024ல் வெளியிட்டார்கள். அவற்றில் 25ல் புரதத்தின் அளவு சீட்டில் சொன்னபடி இல்லை. சிலவற்றில் பூஞ்சை விஷமும் பூச்சிமருந்தும்கூட இருந்தன.

இந்தப் புரட்டு எப்படி நடக்கின்றது? 1883ல் கெல்டால் என்ற டென்மார்க் சாஸ்திரி ஒரு முறை கண்டுபிடித்தார். புரதத்தை நேரில் அளக்காமல், பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கிப் புரதம் இவ்வளவு என்று சொல்லுவது. நல்ல முறைதான். ஆனால் திருடன் வேறு கணக்குப் போட்டான். நைட்ரஜன் உள்ள மலிவுச் சரக்கைக் கலந்துவிட்டால் கணக்கில் புரதம் ஏறிவிடுமல்லவா? சீனாவில் 2008ல் பாலில் 'மெலமின்' கலந்தது இதே யுக்திதான். ஆறு குழந்தைகள் மாண்டன. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயில் விழுந்தன. தூள் வியாபாரிகளில் சிலர் மலிவான அமினோ அமிலங்களைக் கலந்து இதே கணக்கு வித்தையைச் செய்கின்றார்கள்.

குறைவாக இருப்பது பண நஷ்டம். சொல்லாததைக் கலப்பது உயிர் நஷ்டம். ஜெர்மனியில் கொலோன் நகரத்து ஆராய்ச்சிசாலையில், 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துச் சரக்குகளைப் பரிசோதித்து 2004ல் வெளியிட்டார்கள். அவற்றில் 94ல், சீட்டில் எழுதாத ஆண்மைச் சுரப்பு மருந்து இருந்தது. ஏழுக்கு ஒன்று! நம் நாட்டு லேகியமென்றால் பயமில்லை என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14ல் ஈயம், பாதரசம், பாஷாணம் ஆகியவற்றில் ஏதாவதொன்று இருந்ததாக அதே 2004ல் வெளியாயிற்று. சுதேசி விஷம் உடம்புக்குள் போனால் சுதேசாபிமானம் பார்க்குமா?

விறுவிறுப்பும் நம்பிக்கையும்

பயிற்சிக்கு முன் குடிப்பதென்று சில தூள்கள் விற்கின்றன. குடித்த கால் மணியில் முகத்திலும் கையிலும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். "பார்த்தாயா, வேலை செய்கின்றது!" என்று வாலிபர் நம்பிவிடுகின்றார். அது 'பீட்டா அலனைன்' என்ற சரக்கு தோல் நரம்பைத் தூண்டுவதால் வருகின்ற கூச்சம். சதை வளர்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பம்பைச் சத்தத்தில் உடம்பு சிலிர்ப்பதைச் சாமி வந்ததற்கு ருஜு என்பதைப்போலத்தான் இதுவும்.

இந்தத் தூள்களில் முக்கியமாக வேலை செய்வது காப்பிச் சத்தான 'காபீன்'. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையில் ஆபத்தில்லை என்கின்றார்கள். சில தூள்களில் ஒரு கரண்டியிலேயே 300 இருக்கின்றது. பந்தயம் கட்டிக்கொண்டு இரண்டு கரண்டியைத் தண்ணீரில்லாமல் வாயில் கொட்டிக் கொள்கின்றவர்களும் உண்டு. நெஞ்சு படபடத்து, தூக்கம் கெட்டு, ரத்தக் கொதிப்பு ஏறும். இதயத்தில் தெரியாத கோளாறுள்ளவனுக்கு அதுவே எமன். தூக்கம் கெட்டால் சதை எப்போது வளரும் என்பதையும் யோசியுங்கள்.

அமெரிக்காவில் 1994ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி இத்தகைய சரக்குகளை விற்பதற்கு முன் சர்க்காரிடம் ருஜுப்படுத்த வேண்டியதில்லை. ஆபத்து என்று பின்னால் சர்க்கார்தான் ருஜுப்படுத்த வேண்டும். 'எபிட்ரா' என்ற செடிச்சரக்கு கொழுப்பைக் கரைக்குமென்று விற்றது. 2003 பிப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது பேஸ்பால் ஆட்டக்காரர் பயிற்சியில் உடம்பு கொதித்து விழுந்து மாண்டார். அவர் எபிட்ரா சாப்பிட்டவர். அதன்பின் 2004ல் அதைத் தடுத்தார்கள். பிணம் விழுந்த பிறகு வருகின்ற சட்டம் அது. நம் நாட்டில் 2006ம் வருஷத்துச் சட்டப்படி உணவுப் பாதுகாப்பு ஆணையம் இருக்கின்றது; இவற்றிற்குத் தனி விதிகளும் உண்டு. ஆனால் விதி புத்தகத்தில் இருந்து, டப்பா பெட்டிக்கடையிலும் செல்போனிலும் விற்றால் விதி என்ன செய்யும்? வாங்குகின்றவனுக்குப் புத்தி வேண்டும்.

ஊசி

இதுவரை சொன்னது தூளைப்பற்றி. இனிச் சொல்வதைத் தாய்மார்களும் கவனிக்க வேண்டும்.

தூளில் ஆசைப்பட்ட பலன் வராதபோது, "இதெல்லாம் பச்சைப்பிள்ளைகளுக்கு, உனக்கு வேறு தருகின்றேன்" என்று ஒருவர் காதில் சொல்லுகின்றார். அதுதான் ஊசி. ஆண்மைச் சுரப்பான 'டெஸ்டோஸ்டிரோனை' 1935ல் ரசாயன முறையில் செய்தார்கள். செய்தவர்களுக்கு 1939ல் நோபல் பரிசு கிடைத்தது. நோயாளிகளுக்கு அது அருமையான மருந்து. டாக்டர் சீட்டில்லாமல் அதை விற்கக் கூடாது. அதைக் கொண்டு சதை வளருமா? வளரும். வளராது என்று சொன்னால் நாம் பொய்யராவோம். அது கேட்கின்ற விலை என்ன என்பதே கேள்வி.

உடம்பு ஒரு கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை. வெளியிலிருந்து சுரப்பு வந்து குவிந்தால், "போதும், நீ வேலை செய்யாதே" என்று மூளை விரைக்கு உத்தரவு போட்டுவிடும். விரை சுருங்கும், விந்தில் உயிரணு குறைந்து, சிலருக்கு அறவே அற்றுப் போகும். மிஞ்சின ஆண் சுரப்பு உடம்பிலேயே பெண் சுரப்பாக மாறி மார்பை வளர்த்துவிடும். ஆண்பிள்ளைத்தனத்துக்காகப் போட்ட ஊசி சட்டையைக் கழற்ற வெட்கப்படும்படி செய்துவிடுகின்றது! வாயில் போடும் மாத்திரைகள் ஈரலைக் கெடுத்து மஞ்சள் காமாலை வரச் செய்யும். ரத்தம் தடிக்கும், நல்ல கொழுப்பு குறையும், இதயத்தின் சுவர் தடித்துப் போகும். பதினாறு, பதினேழு வயதுப் பையனுக்குப் போட்டால் எலும்பின் முனை மூடி உயரம் நின்றுவிடும். ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொண்டால் அதோடு வேறு நோயும் வரும். திடீரென்று நிறுத்தினால் மனம் தளர்ந்து சாகலாமா என்று தோன்றுகின்றவர்களும் உண்டு.

கிழக்கு ஜெர்மனியில் 1974 முதல் சர்க்காரே திட்டம் போட்டு, விளையாட்டுப் பெண்களுக்கு, சிறுமிகளுக்குக்கூட, 'வைட்டமின்' என்று பொய் சொல்லி இந்த மாத்திரையைக் கொடுத்தது. அந்தப் பெண்களுக்குக் குரல் தடித்தது, மயிர் முளைத்தது, பலருக்கு வாழ்நாள் நோயாயிற்று. 2000ல் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் தலைவரையும் டாக்டரையும் குற்றவாளிகள் என்றது. சர்க்கார் சொன்னாலும் சத்து மாத்திரை என்பது சத்து மாத்திரையாகிவிடாது.

நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்லுகின்றோம். பெயரும் ஊரும் வேண்டாம். நல்ல வாலிபர், ஆணழகன் போட்டியில் இரண்டுமுறை பரிசு வாங்கியவர். கலியாணமாகி மூன்று வருஷமாகியும் குழந்தையில்லை. ஊரார் யாரைப் பார்த்தார்கள்? அந்தப் பெண்ணைத்தான். அப்படிப்பட்ட புஜமுள்ள ஆண்பிள்ளையிடம் குறை இருக்குமென்று யாருக்குத் தோன்றும்? அரச மரத்தைச் சுற்ற வைத்தார்கள். கோயில் தரையில் சோற்றைப் போட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மண்சோறு தின்ன வைத்தார்கள். சீமந்தத்துக்கும் தொட்டிலுக்கும் அவளை அழைப்பதை நிறுத்தினார்கள். மாமியார் இரண்டாம் தாரம் பார்க்கவும் ஆரம்பித்தார். அந்தப் பெண்ணின் தமையனார் ஒருநாள் நம்மிடம் வந்து அழுதார். நாம் கேட்டது ஒரே கேள்வி: "மாப்பிள்ளையைப் பரிசோதித்தார்களா?" அவர் நம்மை ஏதோ தகாத வார்த்தை சொன்னவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

எவ்வளவோ தகராறுக்குப் பின் அவர் பரிசோதனைக்குப் போனார். ஓர் உயிரணுகூட இல்லை. லேடி டாக்டர் தனியே அழைத்து, "என்ன ஊசி போட்டுக் கொண்டீர்கள்?" என்று கேட்டபோதுதான், கலியாணத்துக்கு முன்னிருந்தே போட்டுவந்ததைச் சொன்னாராம். அவரிடம் கொடுத்தவர் 'சத்து ஊசி' என்றே சொல்லியிருந்தார். டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தி, ஒன்றரை வருஷத்துக்குப் பின் உயிரணு திரும்பி வந்தது. பலருக்கு அப்படித் திரும்புகின்றது. எல்லோருக்கும் திரும்புமென்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அவருக்கு வந்தது சரி. அந்தப் பெண் தின்ற மண்சோற்றுக்கு யார் பதில் சொல்லுவது? "மலடி" என்று சொன்ன வாய்களில் ஒன்றாவது அவளிடம் வந்து மன்னிப்புக் கேட்டதா? இல்லை. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று பொங்கல் வைத்தார்கள்!

தோழர்களே! அந்த வாலிபர் கெட்டவரல்ல. வெட்கத்தால் வாயைத் திறக்காதவர். அந்த மௌனத்தின் பாரத்தைத்தான் அந்தப் பெண் மூன்று வருஷம் சுமந்தாள். நீங்கள் இங்கே தூக்குகின்ற பாரமெல்லாம் அதற்கு முன் எம்மாத்திரம்?

செய்ய வேண்டியவை

ஆகவே நாம் சொல்லுவது இவ்வளவுதான். தூளை உணவாகப் பார், மந்திரமாகப் பார்க்காதே. ஊசியை மருந்தாகப் பார், உணவாகப் பார்க்காதே. முதலில் சாப்பாட்டைச் சரிப்படுத்து. அப்படியும் டப்பா வாங்கினால், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கின்றதா, காலாவதி ஆகவில்லையா, வெளி ஆராய்ச்சிசாலையின் பரிசோதனைச் சான்று உண்டா என்று கேள். "ஒரே மாதத்தில்", "ரகசியக் கலவை" என்றிருந்தால் கீழே வை. எது எவ்வளவு என்று சொல்ல வெட்கப்படுகின்ற சரக்கு உன் வயிற்றுக்குள் போக ஏன் வெட்கப்படவில்லை? படபடப்போ, கண்ணில் மஞ்சளோ, மார்பு வீக்கமோ கண்டால் ஜிம் அண்ணனைக் கேட்காதே, டாக்டரைக் கேள். ஊசி போட்டிருந்தால் அவரிடம் மறைக்காதே. கொடுத்தவனுக்குத்தான் வெட்கம், உனக்கல்ல. குழந்தையில்லாத வீட்டில் பெண்ணைக் கோயிலுக்கு அனுப்புமுன் ஆணை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

கழகத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மூன்றாம் பரிசாக ஒரு மாதத்துக்கு முட்டையும் நிலக்கடலையும் கொடுங்கள். முன்வரிசையிலுள்ள கடைக்காரத் தோழரே அதை உபயமாகத் தருவாரென்று நம்புகின்றோம். அதோ, அவர் தலையாட்டுகின்றார். சந்தோஷம். மூன்றாம் பரிசு பெற்ற தம்பி அந்த டப்பாவைப் பிரிப்பதற்கு முன் அதன் சீட்டை ஒருமுறை முழுதும் படித்துப் பார்க்கட்டும். படித்ததில் சந்தேகமிருந்தால் அந்தத் தோழரையே கேட்கட்டும். கேட்பதில் அவமானமில்லை. கேட்காமல் விழுங்குவதில்தான் எல்லா ஆபத்தும் இருக்கின்றது என்று சொல்லி, இத்துடன் முடித்துக் கொள்ளுகின்றோம்.